யாரைக் கேட்டு உன்னை அங்கே கட்டினார்கள்?

இன்று காலை கேம்ப் ரோடு சிக்னலில் உன்னைப் பார்த்தேன். மின்கம்பத்துக்கும் வேப்பமரத்துக்கும் நடுவே, பஸ் உயரத்துக்கு, கயிறு போட்டு இழுத்துக் கட்டியிருந்தார்கள். குதிரை மைனாவின் நெற்றியில் உன் நெற்றியைச் சாய்த்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நிற்கிறாய். மேலே கறுப்புப் பட்டையில் ‘கண்ணீர் அஞ்சலி’. கீழே மஞ்சள் பட்டையில் ‘கோடைக்காலக் குதிரையேற்றப் பயிற்சி முகாம், சேர்க்கை நடைபெறுகிறது’. இரண்டுக்கும் நடுவில் நீ.

பச்சை விழுந்ததே எனக்குத் தெரியவில்லை. பின்னாலிருந்த ஷேர் ஆட்டோக்காரர் ஹாரனை விடாமல் அழுத்திப் பார்த்தார். பிறகு என் பக்கத்தில் வந்து, “இன்னாக்கா, பேனர் பாக்கத்தான் வண்டி எடுத்துகினு வந்தியா?” என்று கேட்டுவிட்டுப் போனார். வண்டியை ஓரங்கட்டினேன். அழுவதற்கு என்று நினைத்துக்கொள்ளாதே. எனக்கு அழுகை வருவதற்குள் கோபம் முந்திக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடும் என்று நீதானே கேலி செய்வாய். இன்றைக்கும் அதுதான் வந்து உட்கார்ந்தது. இன்னும் எழுந்து போகவில்லை.

முதலில் அது நான் எடுத்த படமோ என்று நினைத்துவிட்டேன். அந்தக் காலையில் அந்தக் காட்சியை எடுத்தவள் நான்தான். ஆனால் அது என் கேமரா கார்டை விட்டு வெளியே போனதே இல்லை. அப்புறம் நன்றாகப் பார்த்தேன். பேனரின் இடது ஓரத்தில் ஒரு முழங்கை, நீலச் சட்டை. என் முழங்கை, என் சட்டை. அப்படியானால் எனக்குப் பின்னால் நின்று யாரோ எடுத்திருக்கிறார்கள். லாயத்து வேலியோரம் எந்நேரமும் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பது அதன் சொந்தக்காரன் பாபுவைத் தவிர வேறு யார்? என் முழங்கையை வெட்டிவிட்டு அச்சடிக்கக்கூட அவனுக்குப் பொறுமை இல்லை.

நீ போனது மழைக்காலத்தில். இப்போது பங்குனி வெயில் கொளுத்துகிறது. இத்தனை மாதம் கழித்து, முகாமுக்கு ஆள் சேர்க்கிற நேரம் பார்த்து அவனுக்குக் கண்ணீர் வந்திருக்கிறது. இது வேறு யாருக்கு நடந்திருந்தாலும் திட்டிவிட்டு வேலைக்குப் போயிருப்பேன். உனக்கா இது நடக்க வேண்டும்? கேட்காமல் ஒருத்தர் முடியைக்கூட ஒதுக்கிவிடாத உனக்கா?

சிறுசேரியில் கம்பெனிக் கட்டடங்கள் முடிந்து முள்ளுக்காடு தொடங்குகிற இடத்தில் இருந்தது பாபுவின் லாயம். நீயும் நானும் ஒரு ஸ்கூட்டரில், ஆளுக்கொரு கேமராவோடு விடிவதற்குள் போய் இறங்குவோம். சனி, ஞாயிறுகளில் குதிரை பழக வரும் கம்பெனிப் பெண்கள், கல்யாணத்துக்கு முன்னால் குதிரையோடு படம் எடுத்துக்கொள்ளும் ஜோடிகள், சொந்தக் குதிரையை அங்கே கட்டி வைத்திருக்கும் சில பேர். இவர்கள்தான் நம் வாடிக்கையாளர்கள். சூரியன் முள்மரத்துக்கு மேலே ஏறுவதற்குள் ஒரு வெளிச்சம் கிடைக்கும், குதிரையின் முதுகு அப்படியே பித்தளை மாதிரி மின்னும். அந்த அருமையான வெளிச்சத்தை நீ கேட்டுக் கேட்டே தீர்த்துவிடுவாய்.

முடி முகத்தில் விழுகிறது, நான் ஒதுக்கட்டுமா, நீங்களே ஒதுக்கிக்கொள்கிறீர்களா? சேணத்து வளையத்தில் கால் சரியாக மாட்டவில்லை, உங்கள் ஷூவைத் தொடலாமா? குதிரைக்காரரிடம் போய், உங்கள் குதிரையைத் தொடலாமா? அதோடு விட்டாயா? அடுத்து குதிரையிடமே போய்க் கேட்பாய். உள்ளங்கையை அதன் மூக்குக்குக் கீழே நீட்டிக்கொண்டு சும்மா நிற்பாய். அது மோந்து பார்த்து, சூடாக மூச்சு விட்டு, அப்படியே நின்றால் சரி என்று அர்த்தம். தலையைத் திருப்பிக்கொண்டால் அன்றைக்கு வேறு குதிரை. ஒரு மாப்பிள்ளை, கோட்டும் தலைப்பாகையுமாக வேர்த்து வழிந்துகொண்டு, “குதிரைகிட்டயுமா பர்மிஷன்?” என்று கேட்டார். ஆமாம் சார், அதுவும்தானே படத்தில் வருகிறது என்று சிரிக்காமல் சொன்னாய்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சூரியன் உனக்காக நிற்குமா என்று கத்துவேன். நீ திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாய்.

“வெளிச்சம் நாளைக்கும் வரும்டி. இவங்களுக்கு நம்ம மேல நம்பிக்கை போச்சுன்னா அது வருமா?”

எடுத்து முடித்ததும் புங்கமரத்தடியில் உட்காரவைத்து, கேமராவின் பின்திரையில் ஒவ்வொரு படமாகக் காட்டுவாய். இது வீட்டுக்கு மட்டுமா, நாலு பேர் பார்க்கப் போடலாமா, வேண்டவே வேண்டாமா என்று கேட்பாய். வேண்டாம் என்றால் கேமராவையே அவர்கள் கையில் கொடுத்து, அழிக்கும் பொத்தானைக் காட்டி, “நீங்களே அழுத்துங்க” என்பாய். விலை உயர்ந்த சாமானை யார் யார் கையிலோ கொடுக்கிறாளே என்று எனக்கு உயிர் போகும். நாமே அழித்தால் என்ன என்று ஒருநாள் சண்டைக்கு வந்தேன். நாம் அழித்துவிட்டோம் என்று சொன்னால் அவர்கள் நம்பித்தான் ஆக வேண்டும், அவர்களே அழுத்தினால் நம்ப வேண்டிய அவசியமே இல்லை என்றாய். அன்றிலிருந்து அதுதான் நம் வழக்கம். அழிப்பது படத்தில் இருப்பவரின் விரல். நம் விரல் இல்லை.

சில பெண்கள் வேண்டும் என்றும் சொல்லமாட்டார்கள், வேண்டாம் என்றும் சொல்லமாட்டார்கள். யோசிக்கிறேன் என்பார்கள். நான் அதைப் பாதிச் சம்மதமாக எடுத்துக்கொள்வேன். நீ விடமாட்டாய்.

“யோசிக்கிறேன்னா வேணாம்னு அர்த்தம். மூஞ்சிக்கு நேரா வேணாம்னு சொல்ல நம்ம பொண்ணுங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?”

அந்தப் படங்களைத் தனியாக ஒதுக்கிவிடுவாய். அவர்கள் திரும்பி வந்து பதில் சொல்லும்வரை அவை யார் கண்ணிலும் படாமல் கிடக்கும்.

பாபுவுக்கு இதெல்லாம் வேடிக்கை. நாம் எடுக்கும்போது பின்னால் நின்று தன் போனில் அவனும் எடுப்பான், லாயத்தின் இணையப் பக்கத்தில் போட்டுக்கொள்வான். வீட்டுக்குத் தெரியாமல் குதிரை பழக வந்த அந்தக் கம்பெனிப் பெண்ணை நினைவிருக்கிறதா? முகம் தெரிய வேண்டாம் என்றாள். நீயும் முதுகுப் பக்கமாகவே நின்று அத்தனை படமும் எடுத்தாய். பாபு முன்பக்கம் நின்று எடுத்ததைப் போட்டுவிட்டான். அவள் அண்ணன் லாயத்துக்கே வந்து, எல்லோரும் பார்க்க அவளை இழுத்துக்கொண்டு போனான். அதற்கப்புறம் அவள் வரவே இல்லை.

அன்றைக்கு உன்னைப் பார்த்தேன் நான். சத்தம் போடவில்லை நீ. லாயத்து வாசலில் தவிட்டு மூட்டைமேல் போய் உட்கார்ந்தாய். போஸ்ட் நன்றாக ஓடுகிறது, நான் ஏன் எடுக்க வேண்டும் என்றான் பாபு. நீ எழுந்திருக்கவில்லை. பயிற்சிக்கு வந்தவர்கள் எல்லாரும் உன்னைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. ஏன் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் பொறுமையாகக் காரணம் சொன்னாய். வெயில் உச்சிக்கு ஏறும் முன்பே அவன் இறங்கி வந்தான். அந்தப் பெண்ணுக்கு வீடியோவில் போன் போட்டு, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அழிக்க வைத்தாய்.

இவன் மூஞ்சியில் இனி விழிக்கக்கூடாது என்றேன் நான். நீயோ மறுபடியும் அங்கேயே போனாய். ஏன் என்று கேட்டதற்கு, மைனா என்ன பாவம் பண்ணுச்சு என்றாய். பந்தயத்திலிருந்து கழித்துவிட்ட குதிரை, ஒரு காது நுனி கிழிந்தது, யாரும் ஏற ஆசைப்படாதது. உன் ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் வேலிக்கு வந்துவிடும். அதுக்காகப் போனாய். போய்த்தான் இப்படிக் கம்பத்தில் தொங்கினாய். நான் சொன்னால் எப்போது கேட்டாய் நீ?

இப்போது அந்தக் காலைக்கு வருகிறேன். வரச் சொன்ன ஜோடி வரவில்லை. வெளிச்சம் வீணாகப் போய்க்கொண்டிருந்தது. நீ மைனாவிடம் போனாய். அன்றைக்கு நீ கையை நீட்டவில்லை. கை இரண்டும் தொங்கிக்கொண்டிருந்தன. அதுவே தலையை இறக்கி உன் நெற்றியில் வைத்தது. நீ அப்படியே சாய்ந்துகொண்டு அழுதாய். அத்தனை வருடப் பழக்கத்தில் நீ அழுது நான் பார்த்தது அதுதான். நான் கேமராவைத் தூக்கினேன், எடுத்தேன். பிறகு புங்கமரத்தடியில் உன்னை உட்காரவைத்து, நீ மற்றவர்களுக்குச் செய்வது போலவே, பின்திரையில் காட்டிக் கேட்டேன். வச்சுக்கட்டுமா? யாருக்காவது காட்டலாமா? வேண்டாம்னா நீயே அழுத்திடு.

நீ வெகுநேரம் பார்த்தாய். மூக்கைத் துடைத்துக்கொண்டாய்.

“யோசிக்கிறேன்டி.”

ஏன் அழுதாய் என்பதையும் அங்கேயே சொன்னாய். அதை நான் இந்தக் கடிதத்திலும் எழுதப்போவதில்லை. அதற்கு நீ சரி சொல்லவில்லை.

அந்த மழைக்காலத்திலேயே நீ போய்விட்டாய். மாம்பாக்கம் ரோட்டில் யாரோ தோண்டி, யாரும் மூடாமல் விட்ட பள்ளம், மேலே மழைத்தண்ணீர். அந்த இடத்தை இப்போது தார் போட்டு மூடிவிட்டார்கள். வழவழவென்று இருக்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் இறங்கி நாலு மிதி மிதிக்கத் தோன்றும்.

சிக்னலிலிருந்து நேராக மேடவாக்கம் வழியாக லாயத்துக்குத்தான் விட்டேன் வண்டியை. பாபு தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். யாரைக் கேட்டு அந்தப் படத்தை வைத்தாய் என்றேன்.

“இன்னா மேடம், காலங்காத்தால டென்ஷன்? அவங்க நம்ம வூட்டுப் பொண்ணு மாதிரி. நல்லதுக்குத்தானே வச்சேன்.”

அழுகிற பெண்ணைக் கோடை முகாமுக்கு விளம்பரமாகக் கட்டுவது எந்த ஊர் நல்லது என்று கேட்டேன். அழுகிற மாதிரியே தெரியவில்லை, சாமி கும்பிடுகிற மாதிரி இருக்கிறது என்றான். அவளைக் கேட்டாயா என்றேன்.

“அவங்கதான் இல்லியே மேடம். இல்லாதவங்களை எங்க போய்க் கேக்கறது?”

ஏதோ பெரிய நியாயத்தைச் சொல்லிவிட்டவன் போல நின்றான். என் வாய் திறப்பதற்குள் இன்னொன்றையும் போட்டான். உன் அம்மாவுக்குப் போன் செய்து கேட்டானாம். அவர் போட்டுக்கோங்க என்றாராம். அதைச் சொன்னதும் அவனுக்குத் தைரியம் வந்துவிட்டது. அடுத்த பேனரில் உங்கள் பெயரையும் சின்னதாகப் போட்டுவிடலாம் மேடம் என்றான். அதற்கு மேல் நான் பம்மல் தெருச் சண்டைக்காரியாகிவிட்டேன். உன் வாய்க்கு ஒரு கேட் போடணும்டி என்பாயே, அந்த வாய்தான். என்ன சொன்னேன் என்று எழுதினால் நீ முகம் சுளிப்பாய். தொலைந்து போகட்டும் என்று போனை எடுத்து என் கண்ணெதிரே அந்தப் படத்தை அழித்தான். எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவன் விரல்தானே அழுத்தியது. நீ சொன்னது எவ்வளவு சரி என்று அப்போது புரிந்து இன்னும் எரிச்சலாக வந்தது. பேனரைச் சேர்க்கை முடிந்ததும் இறக்குகிறேன் என்றான்.

மைனா வேலிக்கு வந்து நின்றது. என் ஸ்கூட்டர் உன் ஸ்கூட்டர்தான், உன் அம்மா என்னையே ஓட்டச் சொல்லிவிட்டார். அந்தச் சத்தத்துக்கு வந்திருக்கிறது. உள்ளங்கையை நீட்டினேன். மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதனிடம் கோபப்பட முடியவில்லை.

திரும்ப கேம்ப் ரோட்டுக்கு வந்தேன். வேப்பமரத்தடி இளநீர்க்காரரிடம் அரிவாளையும் முக்காலியையும் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“யாரைக் கேட்டும்மா எறக்கறே? அப்பறம் என்னைத்தான் புடிச்சுப்பானுங்க.”

“அதுல இருக்கறவளைக் கேட்டுத்தாண்ணா.”

அவர் அண்ணாந்து உன்னைப் பார்த்தார். அப்புறம் முக்காலியை மரத்தடியில் போட்டு, அதன் காலைப் பிடித்துக்கொண்டார். கயிறுகளை அறுத்தேன். நீ மடிந்து மடிந்து தரைக்கு வந்தாய். உன்னைச் சுருட்டி, ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் நிறுத்தி, முழங்காலால் அணைத்துக்கொண்டு சேலையூருக்கு ஓட்டினேன். வழியெல்லாம் உன் அம்மாவிடம் என்ன கேட்க வேண்டும் என்று மனதுக்குள் கத்திக்கொண்டே போனேன்.

அவர் கதவைத் திறந்ததும் அதில் பாதி போய்விட்டது. இளைத்துவிட்டார். இருந்தாலும் கேட்டேன். ஆன்ட்டி, நீங்கள் எப்படிச் சரி என்று சொல்லலாம்?

“அந்தத் தம்பி மரியாதையாத்தான் கேட்டாம்மா. குதிரையோட இருக்கற படம்னு சொன்னான். அவ சிரிச்சிக்கிட்டு நிக்கறான்னு நெனச்சேன்.”

படத்தைப் பார்க்காமலே சரி சொல்லியிருக்கிறார். காட்டாமல் கேட்பது கேட்பதே இல்லை என்று நீ எத்தனை தடவை தலைதலையாக அடித்துக்கொண்டாய். ஹாலில் சோபாவைத் தள்ளிவிட்டுப் பேனரை விரித்தோம். முழுசாக விரிக்க இடம் போதவில்லை, கோடை முகாம் சுவரில் ஏறிக்கொண்டது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முட்டியை மடக்கி, உன் முகத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பள்ளிக்கூடத்தில் விடைத்தாள் திருத்திய கண் இல்லையா, தப்பவில்லை.

“இவ அழறாம்மா.”

ஆமாம் என்றேன். அப்பா போனபோதுகூட அவள் என் எதிரில் அழவில்லை என்றார். பேனரின் மேல் கையை வைத்து உன் கன்னத்தைத் தடவினார். அப்புறம் நிமிர்ந்து, எதற்கு அழுதாள், உனக்குத் தெரியுமா என்று கேட்டார்.

தெரியாது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். உன்னோடு பழகிப் பழகி அந்தச் சௌகரியமும் போய்விட்டது. தெரியும் ஆன்ட்டி, சொல்லமாட்டேன் என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்தபோது, உன்மேல் எனக்கு வந்த கோபம் பாபுமேல்கூட வரவில்லை. பெற்றவளிடம் இல்லை என்று சொல்லும் இடத்தில் என்னை நிறுத்திவிட்டுப் போய்விட்டாயே, நீயெல்லாம் ஒரு சிநேகிதியா?

அவர் விடவில்லை.

“ஓரத்துல இருக்கறது உன் முழங்கைதானே? நீ எடுத்தது இருக்குல்ல? இது இவ்ளோ மங்கலா இருக்கு. உன்னுது தெளிவா இருக்கும். அதை ஒரே ஒரு தடவை காட்டும்மா. அவ முகத்தைப் பாத்துக்கறேன்.”

பை என் தோளில்தான் இருந்தது. கார்டு அதன் உள் ஜிப்பில். கேமராவைப் போட்டு ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். உன்னைப் பார்க்க அவரைவிட உரிமை யாருக்கு இருக்கிறது? காட்டிவிடு, காட்டிவிடு என்றுதான் மனசு அடித்துக்கொண்டது. என் கை ஜிப்பின்மேல் போய் நின்றது. அங்கேயே நின்றது.

“அவகிட்ட கேட்டேன் ஆன்ட்டி. யாருக்காவது காட்டலாமான்னு. யோசிக்கிறேன்னு சொன்னா.”

தெருவில் மீன்காரர் கூவிக்கொண்டு போனார். அவர் கண்ணாடியைக் கழற்றி, முந்தானையால் துடைத்தார்.

“அப்ப வேணாம்னு அர்த்தம்” என்றார். “வீட்லயும் அதேதான் சொல்லுவா.”

இருவருமாகப் பேனரைச் சுருட்டினோம். கிழித்துப் போடலாம் என்று அவர் கத்தரிக்கோலை எடுத்து வந்தார். உன் முகத்தில் அதை வைக்க இரண்டு பேருக்கும் கை வரவில்லை. படம் உள்பக்கம் இருக்கும்படி சுருட்டிப் பரணில் போட்டேன். நான் நாற்காலியிலிருந்து இறங்கும்போது கீழே நின்றவர், யாரிடமோ சொல்வதுபோல, “என்னைக் கேட்டாங்க, நானும் சரின்னுட்டேன். அது என் மூஞ்சியா?” என்றார். அப்புறம் காபி போட உள்ளே போனார்.

வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன். கோபம் தணியும் என்று நினைத்தேன், தணியவில்லை. பாபுமேல் உள்ளது நாளைக்கு வேறு சண்டையில் கரைந்துவிடும். உன்மேல் உள்ளது கரையாது. ஊரையெல்லாம் உட்காரவைத்து பதில் வாங்கினாயே, என்னிடம் மட்டும் ஒரு பதிலைப் பாக்கி வைத்துவிட்டுப் போனாயே. வேண்டும் என்றிருந்தால் உன் அம்மாவுக்குக் காட்டியிருப்பேன். வேண்டாம் என்றிருந்தால் அன்றைக்கே உன் விரலைப் பிடித்து அழிக்கும் பொத்தான்மேல் வைத்திருப்பேன்.

அந்தக் கார்டில் வேறு எதையும் நான் எடுப்பதில்லை. லாயத்துக்குப் போனாலும் கல்யாணத்துக்குப் போனாலும் அது பையிலேயே என்னோடு வருகிறது. யாருக்கும் காட்டமாட்டேன். அழிக்கவும் மாட்டேன், என் விரலால் அழிப்பது நம் வழக்கம் இல்லை. யோசிக்கிறேன் என்றாயே, யோசித்து முடித்துவிட்டு வா. கேமராவை உன் கையில் தருகிறேன். நீயே அழுத்து.